வேர்வைக்கு இரண்டு மார்க்

உப்புப் போட வேண்டும், உப்புப் போடக் கூடாது. டப்பாவுக்குள் விட்ட ஸ்பூனை வெளியே எடுக்காமலே சிந்துஜா அடுப்பின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பாத்திரத்தின் அடியில் கடுகு கடுகாகக் குமிழிகள் ஒட்டியிருந்தன, மேலே வரலாமா இங்கேயே இருந்துவிடலாமா என்று யோசிப்பது மாதிரி. “மக்களே, பாஸ்தா வேகற தண்ணி கடல் தண்ணி மாதிரி கரிக்கணும், அதுலதான் இருக்கு மேட்டரே” என்றார் வீடியோக்காரர் அவள் மண்டைக்குள். எண்ணெய் குறைவாக, எளிதாக, வீட்டிலேயே இத்தாலிச் சாப்பாடு என்று வாரத்துக்கு மூன்று வீடியோ போடுகிறவர். பாதி மூக்கிலும் பாதி தொண்டையிலும் பேசுகிறவர். “அப்பாக்கு ஒரு நாளைக்கு மொத்தமே அரை டீஸ்பூன் சால்ட்தான், ஓகேவா டியர்?” என்றாள் ஆஸ்பத்திரி டயட்டீஷியன், ஒவ்வொரு வார்த்தையையும் பஞ்சில் சுற்றிக் கையில் கொடுக்கிற குரலில். ஒரே சீட்டுக்குத் துண்டு போட்ட இரண்டு பேர் மாதிரி இருவரும் முறைத்துக்கொண்டு நின்றார்கள். மூன்று வாரத்துக்கு முன்பாக இருந்தால் சிந்துஜா இவர்களை வாய்விட்டே சண்டை போட வைத்திருப்பாள், இவருக்குக் கட்டைக் குரல், அவளுக்குக் கிளிக் குரல். ஹாலிலிருந்து அப்பா மூன்றாவது ஆளாக ஏறியிருப்பார்: “ஏனுங்க, ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி உக்காந்தா நடுவுல ஒரு ஆள் உக்காரலாமுங்க, முக்கோணம் ஸ்டாப் வந்தா ஒருத்தர் எறங்கிருவாரு.” உடுமலைக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவே இருபத்திரண்டு வருடமாகத் தனியார் பஸ் கண்டக்டர். செல்லமுத்து ஏறிவிட்டால் டயர்கூடச் சிரிக்கும் என்பார்கள். அந்தச் செல்லமுத்துதான் இப்போது ஹாலில் இருக்கிறார், நெஞ்சுக்குள் இரண்டு ஸ்டென்ட்டோடு, பத்தொன்பது நாளாக அளந்து அளந்து பேசிக்கொண்டு, தட்டில் வைத்ததில் இரண்டு வாய் தின்று மீதியைத் தள்ளிவிட்டுக்கொண்டு. கால் ஸ்பூன் போடலாமா? காலை இட்லியில் கொஞ்சம் போயிருக்கும். ராத்திரி அம்மா ரசம் வைப்பாள், அதற்குக் கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டும். தண்ணீரில் போடுகிற உப்பில் எவ்வளவு பாஸ்தாவுக்குள் போகும், எவ்வளவு வடிகட்டும்போது சிங்க்குக்குள் போகும்? பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில் இதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கால் ஸ்பூன் எடுத்தாள். அதிலும் பாதியை டப்பாவுக்குள்ளேயே உதறினாள். மீதியைப் போட்டாள். கடல் இல்லை, அமராவதி அணைகூட இல்லை, வீட்டுக் குழாய்த் தண்ணீருக்குக் கொஞ்சம் மனசு வந்தது மாதிரி. போதும்.

ஹாலில் ஃபேன் மூன்று சுற்றுக்கு ஒரு தடவை டக் என்றது. டக் கேட்டால் பரவாயில்லை, அதற்கும் அப்பாவுக்கும் சம்பந்தம் கிடையாது. அவருடைய சத்தங்கள் வேறு. நாற்காலியின் பிளாஸ்டிக் வயர் கிரீச்சிடுவது, பேப்பரைத் திருப்புவது, மூக்கை உறிஞ்சுவது, காலால் செருப்பைத் தேடுவது. இந்த நான்கையும் சிந்துஜா காலையிலிருந்து காதிலேயே வைத்திருந்தாள். ஒன்று கேட்டு ரொம்ப நேரம் ஆனால் ஏதாவது ஒரு சாக்கில் எட்டிப் பார்ப்பாள்: சீப்பு எங்கே, சார்ஜர் எங்கே, இந்த வீட்டில் கத்தரிக்கோலே கிடையாதா. இன்றைக்குத்தான் முதல் நாள் அம்மா வேலைக்குப் போயிருக்கிறாள், பால் சொசைட்டியில் இதற்குமேல் லீவு கிடையாது. வாசல்வரை போனவள் திரும்பி வந்து, சிந்துஜாவின் முழங்கையைப் பிடித்துச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு வந்து, ரகசியம் பேசுகிற குரலில், ஆனால் அடுத்த வீட்டுக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: “சிந்து, மத்தியான மாத்திரை வெறும் வயித்துல போடவே கூடாது, தெரியுமல்ல? வயிறு புண்ணாயிரும்னு டாக்டர் சொன்னாரு. நாலு கிலோ எறங்கிட்டாரு. நாளானிக்கு செக்கப்புல எடை பாப்பாங்க, இன்னும் எறங்கியிருந்தா மறுபடி சேத்துக்கறோம்னு சொல்லுவாங்க. நீ சொன்னா திம்பாருடி. நீ ஏதாச்சும் கோமாளித்தனம் பண்ணு, சிரிச்சாருன்னா திம்பாரு.” அம்மா மைதிலிக்கு மட்டும் தெரியாது, சிந்துஜா இப்போது கோமாளித்தனம் பண்ணுவதில்லை என்று. இல்லை, தெரியும். வீட்டில் யாருக்குத்தான் தெரியாது? இருந்தாலும் போகிறபோக்கில் சொன்னாள், அடைத்த குழாயை மறுபடி ஒரு தடவை திருகிப் பார்ப்பது மாதிரி. நீ சொன்னா திம்பாருடி. அதுதான் பயம். அவள் கோமாளித்தனம் பண்ணித்தான் ஒருநாள் ஒன்று நடந்தது.

தக்காளி. தக்காளியைப் பார். ஆறு தக்காளியை நான்காக வெட்டி, பத்துப் பல் பூண்டைத் தோலோடு போட்டு, தவாவில் சிறு தீயில் கவிழ்த்து வைத்திருந்தாள். ஓரம் கருகி, சாறு இறங்கி, தவாவில் சின்னச் சின்னதாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. எண்ணெய் இரண்டே ஸ்பூன். அந்த எண்ணெய்க்கு ஒரு தனிக் கதை. ஆலிவ் எண்ணெய் என்றதும் அம்மா நேராக மருந்துக்கடைக்குப் போய், குப்புறப்படுத்த குழந்தையின் படம் போட்ட டப்பாவை வாங்கி வந்துவிட்டாள். தோலில் தடவுகிறது. “எண்ணெய்தானடி, உள்ள போனா என்ன, வெளிய போனா என்ன?” மறுநாள் சூப்பர் மார்க்கெட்டில் சமையலுக்கான குட்டிப் பாட்டில் கிடைத்தது. அந்தக் குழந்தை டப்பா இப்போது அப்பாவின் முழங்காலுக்கு. பாஸ்தாவும் கோதுமையில் செய்தது, குழாய் குழாயாக. கீரை இருக்கிறது, வேகவைத்த கொண்டைக்கடலை ஒரு கை இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்று, வீடியோக்காரர் கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்துவிட்டுப் போடுவாரே அந்த இலை. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்து, கடைசியில் பின்வீட்டு ரங்கநாயகி அக்காவின் காம்பவுண்டுச் சுவரோரம் கண்டுபிடித்தாள். திருநீற்றுப் பச்சிலை. அதேதான், இல்லையென்றால் அதன் சொந்தத் தங்கச்சி. காலையில் போய்க் கேட்டபோது அக்கா பல் விளக்கிக்கொண்டே வந்தாள். “ஏங்கண்ணு, காது குத்துதா? ரெண்டு சொட்டுப் புழிஞ்சு விட்டாச் சரியாப் போயிரும்.” “இல்லீங்கக்கா, சமையலுக்கு.” “சமையலுக்கா! சாமிக்குப் போடறதக் கொண்டுபோயிச் சட்டியிலயா போடுவாங்க? யாரு சொன்னா?” “இத்தாலில போடறாங்கக்கா.” “அவிங்களுக்குக் காது வலியே வராதாட்ட இருக்குது” என்று நுரையோடு சொல்லிவிட்டு, கைநிறையக் கிள்ளிக் கொடுத்தாள் ரங்கநாயகி அக்கா. சுவரைத் தாண்டுவதற்குள் சிந்துஜாவின் தொண்டையில் அந்தக் குரல் வந்து உட்கார்ந்துவிட்டது, நுரையோடு, சாமியோடு, சட்டியோடு. ஓடிப்போய் அப்பாவிடம் பேசிக் காட்ட வேண்டும் என்று கால் பரபரத்தது. கதவுவரை ஓடினாள். அப்பா நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். குரல் அப்படியே திரும்பிப் போய்விட்டது.

தண்ணீர் கொதித்தது. பாஸ்தாவைக் கொட்டினாள், சளசளவென்று. பாக்கெட்டில் பதினோரு நிமிடம் என்று போட்டிருக்கிறது. மணி பன்னிரண்டு இருபது. பதினோரு நிமிடம் எவ்வளவு நீளம் என்று சிந்துஜாவுக்குத் தெரியும், அதைவிட நீளமான ஒன்றும் தெரியும், அதை மட்டும் நினைக்கக் கூடாது, கிளறு, அடியில் ஒட்டும். அது அவள் யூகேஜி படிக்கும்போது ஆரம்பித்த விளையாட்டு. சாகிற விளையாட்டு. வேறு வீட்டில் பரமபதம் ஆடுவார்கள், இந்த வீட்டில் செத்துச் செத்து விழுவார்கள். தேர்தலில் தோற்ற வேட்பாளர் மாதிரி சாவது, சில்லறை கிடைக்காத பயணி மாதிரி சாவது, அம்மாவின் கோதுமை உப்புமாவைப் பார்த்த மாத்திரத்தில் சாவது. பார்க்கிறவர் பத்துக்கு மார்க் போட வேண்டும். சில சமயம் இரண்டு பேரும் சேர்ந்து சாக வேண்டும், யார் முதலில் சிரிக்கிறாரோ அவர் பாத்திரம் கழுவ வேண்டும். அம்மா வந்து இரண்டு பிணத்தையும் துடைப்பத்தால் தள்ளிவிட்டுக் கூட்டுவாள். பன்னிரண்டு வருடம் இப்படியே ஓடியது. அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை. அம்மா ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தாள். அப்பா ஹாலில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார், சிந்துஜா தரையில் படுத்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நகவெட்டி கீழே விழுந்தது. நிமிர்ந்தாள். அப்பா இடது நெஞ்சில் கையை வைத்திருந்தார். நாக்கு ஒரு பக்கமாக வெளியே தொங்கியது, கண் இரண்டும் மூக்கைப் பார்த்தன. “ஹார்ட் அட்டாக்கா? போன மாசமே பண்ணிட்டீங்கப்பா. பழசு. பத்துக்கு நாலு.” அப்பா நாற்காலியிலிருந்து வழுக்கித் தரைக்கு வந்தார். “சரி, ஆறு.” அப்புறம் நெற்றியில் முத்து முத்தாக, காதோரம் கோடு கோடாக, பனியன் நனைந்து முதுகோடு ஒட்டும் அளவுக்கு. அதைப் பார்த்துச் சிந்துஜா கை தட்டினாள். கை தட்டினாள். “ஐயோ அப்பா! வேர்வை! எப்படிங்கப்பா வரவெச்சீங்க? வேர்வைக்கு மட்டும் ரெண்டு மார்க். எட்டு!”

கிளறு. ஒட்டும். தக்காளியைப் புரட்டு. அவ்வளவோடு முடிந்திருந்தாலும் பரவாயில்லை, அதற்குப் பிறகுதான் இருக்கிறது. அவளும் செத்தாள். அப்பாவுக்குப் பக்கத்தில், தோளோடு தோள் இடிக்கிற மாதிரி விழுந்து, கையைக் காலைப் பரப்பி, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். இன்றைக்கு அவர் சிரிக்காமல் நான் சிரிக்க மாட்டேன் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். தரை ஜில்லென்று இருந்தது. அப்பாவின் மூச்சு அடைத்து அடைத்து வந்தது, அதையும் ரசித்தாள், அடேயப்பா என்ன ஒரு எஃபெக்ட் என்று. சந்தோஷமாகப் படுத்திருந்தாள். பயந்துபோய்ச் செயலற்று நின்றிருந்தால்கூட மன்னிக்கலாம். அவள் சந்தோஷமாக இருந்தாள். பதினோரு மணிப் பஸ் வாசலில் ஹாரன் அடித்துப் போனது விளையாட்டின் ஆரம்பத்தில், அவள் ஒற்றைக் கண்ணைத் திறந்து திருட்டுத்தனமாகப் பார்த்தபோது சுவரில் பதினொன்று இருபது. அப்பாவின் உதடு சிமெண்ட் நிறத்தில் இருந்தது. அப்புறம் கத்தல், ரங்கநாயகி அக்கா, ஆட்டோ, ஸ்ட்ரெச்சர். அவசரப் பிரிவில் டாக்டர், சுருக்கமான ஆள், வார்த்தைகளை ஸ்டெதஸ்கோப்பில் வடிகட்டி விடுகிறவர், கேட்டார்: “எப்ப ஆரம்பிச்சுது?” அவள் சொன்னாள்: “இப்பத்தாங்க சார். ஆட்டோ ஏறறதுக்கு ஒரு அஞ்சு நிமிஷம் முன்னாடி. உடனே கூட்டிட்டு வந்துட்டேன்.” யார் குரல் அது? எத்தனையோ குரல் பேசியவளுக்கு அந்தக் குரல் யாருடையது என்று மட்டும் தெரியவில்லை, ரொம்ப நல்ல பெண் ஒருத்தியின் குரல். இரண்டாவது நாள் அதே டாக்டர் எக்கோ ரிப்போர்ட்டைத் தூக்கிப் பிடித்து அம்மாவுக்கு விளக்கினார்: “உயிருக்கு ஆபத்தில்லம்மா. ஆனா கீழ இந்தப் பக்கம் கொஞ்சம் தசை வீக்காயிருச்சு. ரத்தம் போகாம இருந்த ஒவ்வொரு நிமிஷத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாப் போகும். உங்க பொண்ணு டக்குனு கூட்டிட்டு வந்ததுனால இதோட போச்சு.” அம்மா அவள் தலையைக் கோதிவிட்டாள். கொஞ்சம் தசை. அது எவ்வளவு? நகம் அளவா, புளியங்கொட்டை அளவா? அதில் வேர்வைக்குக் கை தட்டிய நிமிடத்தில் போனது எவ்வளவு, பக்கத்தில் படுத்துக் கிடந்தபோது போனது எவ்வளவு? அப்பாவுக்குத் தெரியும். வலிக்கிற ஆளுக்குத் தெரியாமலா இருக்கும், பக்கத்தில் ஒருத்தி செத்துப்போன மாதிரி படுத்துக்கொண்டு மார்க் போட்டது? அதனால்தான் பேசுவதில்லை. அதனால்தான் அவள் தட்டில் எதை வைத்தாலும் இரண்டு வாயோடு தள்ளுகிறார். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். அவர் சாப்பிட்ட பிறகு. இல்லை, முன்பே. சொன்ன பிறகு அவர் அந்த இரண்டு வாயும் சாப்பிடாவிட்டால்?

பேப்பர் திரும்பும் சத்தம் கேட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று? சிந்துஜா கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள், நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஃபேன் டக் என்றது. நாற்காலி கிரீச்சிடவில்லை. மூக்கு உறிஞ்சவில்லை. செருப்பு இல்லை. டக். தூங்கியிருப்பார். இந்த நேரத்தில் தூங்க மாட்டார். மாத்திரை போட்டால் தூக்கம் வரும் என்றார்கள், ஆனால் மாத்திரையே இன்னும் போடவில்லை. சீப்பு கேட்டாயிற்று, சார்ஜர் கேட்டாயிற்று. டக். அடுப்பைக் குறைக்கத் தோன்றவில்லை. வாசற்படிவரை கால் தானாகப் போயிற்று. எட்டிப் பார்த்தாள். பேப்பர் தரையில் கிடந்தது. அப்பா கண்ணை மூடியிருந்தார். வலது கை இடது நெஞ்சின் மேல், விரலெல்லாம் விரித்து, அழுத்தி. உதடு மெல்ல அசைந்துகொண்டிருந்தது.

கரண்டி எங்கே விழுந்தது என்று தெரியாது. சமையலறைக்கும் நாற்காலிக்கும் நடுவே இருந்த எட்டு அடியும் இருந்த மாதிரியே தெரியவில்லை. “அப்பா! அப்பா! வலிக்குதா? எங்க வலிக்குது? ரங்கநாயகியக்கா! அக்கா! ஆட்டோ!” அப்பாவின் கன்னத்தை, நெற்றியை, கழுத்தைத் தடவினாள், வேர்வை தேடினாள், தன் கையே நனைந்திருந்தது, அதில் எது யாருடையது? நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை அலமாரியில், இல்லை, ஃபிரிட்ஜ் மேலே. “அட அட, அம்மிணி! ஒண்ணுமில்ல சாமி! ஒண்ணுமில்ல!” அப்பா கண்ணைத் திறந்து அவள் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டார். “வலியெல்லாம் இல்ல. எண்ணீட்டு இருந்தேன்.” “என்னத்த?” “இத. துடிக்கறத. நடுவுல ஒண்ணு உட்டுப் போட்டுட்டுத் துடிக்குதான்னு. எழுபத்தி மூணு வந்துது, அதுக்குள்ள நீ வந்து கத்தீட்டே.” சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ரங்கநாயகி அக்கா குரல் கொடுத்தாள்: “என்னாச்சு கண்ணு? வரட்டுமா?” “ஒண்ணுமில்லீங்கக்கா!” என்று அப்பாவும் மகளும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். அப்பா இவ்வளவு சத்தமாகப் பேசி எத்தனையோ நாளாயிற்று. “தெனமும் எண்ணுவீங்களா?” என்று கேட்டாள் சிந்துஜா. “நீயும் உங்கம்மாளும் அந்தப் பக்கம் போனா எண்ணுவேன்” என்றார் அப்பா, திருட்டு பீடி குடித்துப் பிடிபட்ட ஆள் மாதிரி. உள்ளே பாத்திரம் பொங்கி அடுப்பின் மேல் புஸ்ஸென்று வழிந்தது.

பாஸ்தா குழைந்துவிட்டது. நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும், பல்லுக்குக் கொஞ்சம் வேலை இருக்க வேண்டும் என்று வீடியோக்காரர் அடித்துச் சொல்லியிருந்தார். இதில் பல்லுக்கு வேலையே கிடையாது. போகட்டும் என்று வடித்து, பூண்டைத் தோலிலிருந்து பிதுக்கி, தக்காளியோடு மசித்து, கீரையையும் கடலையையும் போட்டுப் புரட்டி, மிளகைத் தட்டிப் போட்டு, கடைசியாகப் பச்சிலையைக் கையாலேயே கிள்ளிப் போட்டாள். வாசம் கிளம்பி மூக்கைத் தாண்டிக் கண்ணுக்குப் போனது. இரண்டு தட்டு. அப்பா முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு, தான் தரையில் உட்கார்ந்தாள். அப்பா ஒரு குழாயை ஸ்பூனால் குத்தித் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் ஓட்டை வழியாக அவளைப் பார்த்தார். “இது என்ன, சைக்கிள் ட்யூப் வெட்டுனதா?” “கோதுமைப்பா.” வாயில் போட்டு மென்றார். “உப்பில்ல.” “இருக்கு. கண்ணுக்குத் தெரியாம இருக்கு.” “காதுக்கு ஊத்தற வாசம் அடிக்குதே.” “அந்த இலையேதான்.” இரண்டாவது வாய் போட்டார். இரண்டு வாய். சிந்துஜா எண்ணிக்கொண்டிருந்தாள். ஸ்பூன் தட்டின் விளிம்பில் சாய்ந்தது, கை தட்டைத் தள்ளப் போகிறது. இப்போது சொல்ல வேண்டும், மூன்றாவது வாய் வரவே போவதில்லை, இனி எதைக் காத்து என்ன? யாருடைய குரலிலாவது சொல்லிவிட்டால் சுலபம். டாக்டர் குரலில் சுருக்கமாக. டயட்டீஷியன் குரலில் பஞ்சு சுற்றி. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பார்த்தாள், அவரவர் ஸ்டாப்பில் இறங்கிப் போயிருந்தார்கள். பஸ் காலி.

“நான் டாக்டர்கிட்டப் பொய் சொன்னேன்” என்றாள். குரல் ஒரு பக்கம் கிழிந்து, கீச்சென்று, அவளுக்கே பிடிக்காத மாதிரி வந்தது. “அஞ்சு நிமிஷம்னு சொன்னேன். இருவது நிமிஷம்ப்பா. ஹாரன் சத்தம் கேட்டேன், அப்புறம் மணி பாத்தேன், இருவது. நீங்க வலில கெடந்தீங்க, நான் பக்கத்துல படுத்துட்டு நீங்க எப்பச் சிரிப்பீங்கன்னு... நான் மார்க் போட்டேன்ப்பா. வேர்வைக்கு மார்க் போட்டேன். அந்தத் தசை என்னாலதான் போச்சு. நான் எட்டு...” மேற்கொண்டு மூக்குதான் பேசியது. சிந்துஜா தரையிலிருந்த ஒரு மிளகுத் துணுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அதற்கு ஆறு கால் முளைத்து ஓடிவிட்டால் நன்றாக இருக்கும் என்று. “நாக்கை எதுக்கு வெளிய தள்ளுனேன்னு நெனைக்கறே?” என்று கேட்டார் அப்பா.

அவள் நிமிர்ந்தாள். “நெஞ்சு வலிக்கறவன் எவனாச்சும் நாக்கை வெளிய தள்ளுவானா அம்மிணி? ஒண்ணரைக் கண்ணு போடுவானா?” அப்பா அவளைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துப் பேசினார். “மொதல்ல நெஜமாத்தான் வலிச்சுது. சம்மட்டில அடிச்சாப்புல. நகவெட்டி உழுந்துது, நீ நிமிந்து பாத்தே. உன்ற மூஞ்சி அப்படியே வெளுத்துப் போச்சு. ஒரே ஒரு நொடி. உனக்கு ஞாபகம் இருக்காது. எனக்கு இருக்குது. அத என்னால பாக்க முடீல. வாய்வா இருக்கும், ரெண்டு நிமிஷத்துல போயிரும், அதுக்குள்ள புள்ளைய எதுக்குப் பயமுறுத்தோணும்னு நாக்கைத் தள்ளுனேன். நீ சிரிச்சே. நாலுன்னே. சரி, நல்லா இருக்குதுன்னு நெனைச்சேன். அப்பறம் நெசமாலுமே முடீல, சொல்லலாம்னு வாயத் தொறந்தா மூச்சு வருது, பேச்சு வரல. நீ வேற பக்கத்துல வந்து படுத்துட்டே.” ஸ்பூனை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். “உன்னைய ஏமாத்துனது நானு. டாக்டருகிட்ட நீ என்ன சொன்னியோ, அதுக்கும் நாந்தான். இத்தன நாளா ஒவ்வொரு வாய் வெக்கும்போதும் இதுதான் முன்னாடி வந்து நிக்குது. இந்தப் புள்ளைகிட்ட எப்படிச் சொல்றது, சொன்னா அப்பறம் என்ற மூஞ்சிய எப்பவாச்சும் நம்புமான்னு.”

சிந்துஜா அந்த ஒரு நொடியைத் தேடினாள். நகவெட்டி விழுந்த சத்தத்துக்கும் நாலு மார்க்குக்கும் நடுவே கையை விட்டுத் துழாவினாள். இருந்ததா? இல்லை அவர் சொன்னதால் இப்போது முளைக்கிறதா? தெரியவில்லை. தெரிந்தது கோபம் மட்டும்தான். எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதற்குள் வாய்வரை வந்துவிட்டது. “நீங்க செத்திருந்தா? நாக்கை நீட்டிட்டே செத்திருந்தா? நான் பக்கத்துல படுத்து எட்டு மார்க் போட்டுட்டு... காலம் பூரா நான் என்னப்பா பண்ணியிருப்பேன்? அது நடிப்பு இல்லப்பா. நடிச்சா ரெண்டு பேருக்கும் தெரியோணும். எனக்குத் தெரியாம நடிச்சா அது பொய்.” “பொய்தான்” என்றார் அப்பா. “நான் பயந்தா பயந்துட்டுப் போறேன். பயப்படறதுக்குத்தான என்னைய வெச்சிருக்கீங்க!” “ஆமா சாமி.” “சிரிக்காதீங்க.” “சிரிக்கல. காரம். மொளகு” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையாலேயே இன்னொரு குழாயைக் குத்தி வாயில் போட்டார், தான் போடுவதே தெரியாமல். இன்னொன்று. கீரையோடு ஒன்று. கடலை தனியாக உருண்டு ஓடியது, அதைத் தட்டு முழுக்கத் துரத்திப் பிடித்தார். எத்தனையாவது வாய் என்ற எண்ணிக்கை எங்கேயோ விட்டுப் போயிற்று, அவளும் தேடவில்லை. தன் தட்டிலிருந்து தானும் ஒரு வாய் எடுத்துப் போட்டாள். குழைந்திருந்தது. உப்பில்லை. பூண்டு இனித்தது.

“இனிமே வலிச்சா எப்படிச் சொல்லுவீங்க?” என்று கேட்டாள். “வலிக்குதுன்னு சொல்லுவேன்.” “அதச் சொல்லி ஆயிரம் தடவ ஏமாத்தியிருக்கீங்க. ஐயோங்கறது வேண்டாம், அம்மாங்கறது வேண்டாம், எல்லாம் வெளையாடித் தீத்தாச்சு.” அப்பா ஸ்பூனைப் பல்லுக்கு நடுவே வைத்துக்கொண்டு யோசித்தார். அம்மிணி, சாமி, கண்ணு, குருவி, எட்டாம் நம்பர் சீட்டு என்று விதம்விதமாகக் கூப்பிட்டிருக்கிறார். “உன்ற பேரச் சொல்லிக் கூப்படறேன்” என்றார். “பள்ளிக்கூடத்துல சேக்கறப்ப ஒரு தடவ சொன்னதோட சரி. அத வெச்சு நாம வெளையாடுனதே இல்ல.” “இனிமேலும் வெளையாடக் கூடாது.” “கூடாது.” “வாய்வா இருந்தாலும் கூப்படோணும்.” “கூப்படறேன்.” “சத்தியமா?” “ஏப்பம் வந்தாக்கூட கூப்படறேன், போதுமா?” சொல்லிவிட்டு அப்பா தட்டை ஸ்டூலில் வைத்தார். தண்ணீர் குடித்தார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, “வருதான்னு ஒரு தடவ பாக்கட்டுமா? இந்த ஒரு தடவதான்” என்று கேட்டார். சிந்துஜா தலையாட்டினாள். ஒத்திகைதான். அவளே கேட்டு, அவளே தலையாட்டி, அவள் கண்ணெதிரே, மிளகு ஒட்டிய உதட்டோடு, மூச்சு சீராகப் போய்க்கொண்டிருக்கிற ஒரு மனிதர் செய்து பார்க்கப்போகிற ஒத்திகை.

“சிந்துஜா” என்றார் அப்பா.

அவள் எழுந்து நின்றிருந்தாள். மடியிலிருந்த தட்டு கவிழ்ந்து பாஸ்தா தரையெல்லாம் ஓடியது. அப்பாவின் தோளை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், கண் வாசலைத் தாண்டி ரோட்டில் ஆட்டோ தேடியது, வாய் ரங்கநாயகி அக்காவின் பெயரின் முதல் எழுத்தில் திறந்து நின்றது. தெரியும், ஒன்றுமில்லை, தெரியும். காலுக்குத்தான் தெரியவில்லை. அப்பா தோளின் மேலிருந்த அவள் கையைத் தட்டிக் கொடுத்தார், ரொம்ப மெல்ல. “வேலை செய்யுது அம்மிணி” என்றார். “உக்காரு. உனக்கு நான் வேற தட்டுல போட்டுட்டு வாரேன்.”